வாளையாற்றுச் சாவடியும் வழிச்செல்வோர் மானமும்



கோவையிலிருந்து மேற்கே பாலக்காடு செல்லும் பெருஞ்சாலையில், மதுக்கரையைக் கடந்து எல்லையை நெருங்கும்போது கந்தேகவுண்டன் சாவடி என்னும் ஊர் வருகின்றது. க.க.சாவடி என்று மக்கள் அதனைச் சுருக்கி வழங்குவர். சாவடி என்பது முன்னையோர் வாழ்வில் அச்சந்தரும் சொல்லன்று. வெயிலில் நடந்து வந்தவன் தலைச்சுமையை இறக்கி, ஒரு குவளை நீர் பருகி, இரவு தங்கிச் செல்லும் பொதுவிடத்திற்கு அது பெயர். ஊரார் கூடி வழக்குத் தீர்க்கும் இடத்திற்கும் அதுவே பெயர். அந்நல்ல சொல்லின் முன்னே 'சோதனை' என்னும் அடை வந்து ஒட்டிக்கொண்டது. அன்று தொட்டு, சாவடி என்றால் வண்டியோட்டி நெஞ்சு படபடக்கின்றான். பேருந்தில் இருக்கும் தாய் மடியில் உள்ள பையை இறுகப் பற்றிக்கொள்கின்றாள். இளைப்பாறச் செய்த இடம் ஏன் இளைக்கச் செய்யும் இடமாயிற்று? அதனை எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

எல்லையில் ஆய்வே கூடாது என்று எவரும் சொல்லார். வழியில் வரி தண்டுவதும் பொருளை ஆய்வதும் தமிழ்நாட்டிற்குப் புதியனவல்ல. அதற்கு 'உல்கு' என்று தனிச்சொல்லே உண்டு. திருக்குறள் அதனை அரசன் பொருள்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சோழன் அலுவலர் பொருள்மூட்டைகளுக்குப் புலிப்பொறி இட்டதைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. உல்கு தண்டும் பெருவழியை வில்லேந்தியோர் காத்ததைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கின்றது. ஆங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்குக: வாங்கியவன் காத்தான், காத்தமையால் வாங்கினான். காவாது கைநீட்டுவானை எப்பெயரிட்டு அழைப்பது? கோலேந்தியவன் குடிகளிடம் இரப்பதை, வேலேந்தி நின்ற வழிப்பறிக்காரன் செயலோடு வள்ளுவர் ஒப்பிட்டதும் இது கருதியே. சுங்கத்தை நீக்கியமையால் முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்னும் பெயரே நிலைத்தது. வரி வாங்கிய வேந்தர் பலர். வழியைத் திறந்துவிட்டவனையே மக்கள் பெயரிட்டுப் போற்றினர்.

கொங்குநாடு வழிகளால் வளர்ந்த நாடு. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர்போல் நிற்க, பாலக்காட்டுக் கணவாய் ஒன்றே அகன்ற வாயிலாகத் திறந்து கிடக்கின்றது. அவ்வாயில் வழியாகவே சேரநாட்டு மேலைக்கடற் பொருள்கள் கிழக்கே வந்தன. கொடுமணலில் அறுத்து மெருகிட்ட மணிக்கற்கள் மேற்கே சென்றன. வெள்ளலூரில் கிடைத்த உரோமக் காசுகள் அவ்வணிகத்திற்குச் சான்று. சுண்டக்காமுத்தூர்ப் பகுதிப் பாறையிலுள்ள கல்வெட்டு 'இராசகேசரிப் பெருவழி' என்று அவ்வழியின் பெயரையே பொறித்து வைத்திருக்கின்றது. இரண்டாயிரம் ஆண்டுகளாகக் காலடி பட்ட வழி அது. அவ்வழியில்தான் இற்றை வாளையாறு இருக்கின்றது.

1956 நவம்பர் முதல் நாள் வரை வாளையாற்றில் மாநில எல்லை இல்லை. பாலக்காடு அன்று மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலபாரோ சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. ஒரே மாநிலத்தின் இரு மாவட்டங்களுக்கு இடையில் ஓடிய ஆறு, மொழிவழி மாநிலங்கள் அமைந்த அந்நாளில் இரு மாநிலங்களின் எல்லையாயிற்று. மொழிவழி மாநிலம் அமைந்தது முறையே. ஆயினும் கோட்டை வரைவது எளிது. கோட்டின் இருபுறத்தும் கொண்டு கொடுத்த உறவை அறுப்பது எளிதன்று. சிற்றூர் வட்டத்திலும் கொழிஞ்சாம்பாறையிலும் தமிழ் பேசுவோர் இன்றும் வாழ்கின்றனர். பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பிடிக்க வருவோரும், கோவை மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்து வருவோரும், மகள் வீட்டுக்குச் சீர் கொண்டு செல்வோரும் அக்கோட்டை நாள்தோறும் கடக்கின்றனர்.

அக்கோட்டின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகள் எழுந்தன. அறுபதுகளில் உணவு மண்டலங்கள் வகுக்கப்பட்டு, இசைவின்றி அரிசி மாநிலம் கடத்தல் குற்றமாயிற்று. பெருவணிகன் கடத்திய மூட்டைகளோடு, பேரப்பிள்ளைக்கென்று பாட்டி முடிந்துகொண்டு போன நான்கு படி அரிசியும் ஆய்வுக்குள்ளாயிற்று. 1967இல் கேரளம் மதுவிலக்கைக் கைவிட்டது. தமிழகமோ 1971 வரையிலும், பின்னர் 1974 முதல் 1981 வரையிலும் மதுவிலக்கைக் கடைப்பிடித்தது. எனவே கிழக்கு நோக்கி வந்த பேருந்துகளில் பைகள் திறக்கப்பட்டன, பாய்ச்சுருள்கள் குலைக்கப்பட்டன. சட்டம் தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் அது யாருடைய மூட்டையை அவிழ்த்தது என்பதே வினா. உந்துவண்டியில் கண்ணாடி ஏற்றிச் சென்றவனை வணங்கி விட்ட கை, பேருந்தில் நின்றவள் கூடையைக் கவிழ்க்குமாயின், அங்கு நடப்பது ஆய்வன்று. ஏழைமைக்கு இட்ட தண்டம்.

இனிச் சரக்குந்து ஓட்டுநரை நோக்குக. நாமக்கல்லும் சங்ககிரியும் சரக்குந்துகளால் பெயர் பெற்றவை. நாமக்கல் முட்டையும், கொங்குநாட்டுப் பாலும், ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறியும் கேரளத்து அடுப்படிக்குச் செல்பவை. வணிகவரிச் சாவடி இருந்த காலத்தில் வாளையாற்றில் வண்டிகள் நெடுந்தொலைவு வரிசைகட்டி நின்றன. பட்டியல் காட்டல், படிவம் நிரப்பல், முத்திரை பெறல் என்று ஒவ்வொரு சாளரத்திலும் காத்திருப்பு. சில வேளை மணிக்கணக்கில். சில வேளை நாட்கணக்கில். நிழலில்லை, நீரில்லை, கழிப்பிடமில்லை. காய்கறி வாடினால் இழப்பு உழவனுக்கு. முட்டை கெட்டால் இழப்பு பண்ணையாளனுக்கு. உறக்கம் கெட்டு ஓட்டுநன் மலைச்சாலையில் கண்ணயர்ந்தால் இழப்பு அவன் மனைவி மக்களுக்கு. சாளரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் இழப்பென்று ஒன்றில்லை. காத்திருப்பு நீளும் இடத்தில் கையூட்டு முளைக்கும். நேரத்தை விற்பவனிடம் நேரத்தை வாங்குபவன் வருவான். கேரள அரசின் ஊழல் தடுப்புப் பிரிவினரே எல்லைச் சாவடிகளில் பன்முறை திடீராய்வு நடத்திக் கணக்கில் வாராப் பணத்தைக் கைப்பற்றியுள்ளனர். எனவே இது தமிழர் மலையாளியர் பூசலன்று. சாளரத்திற்கு உள்ளிருப்பவனுக்கும் வெளியே நிற்பவனுக்கும் உள்ள வழக்கு.

2017 சூலை முதல் நாள் சரக்கு மற்றும் பணி வரி நடைமுறைக்கு வந்தது. வரிக்கெனக் காத்து நிற்கும் சாவடிகள் நீக்கப்பட்டன. 2018 ஏப்பிரல் முதல், மாநிலம் கடக்கும் ஐம்பதாயிரம் உருபாவுக்கு மேற்பட்ட சரக்கிற்கு முன்னரே கணினிவழிச் சீட்டுப் பெறும் முறை வந்தது. அவ்வரியால் மாநிலங்கள் இழந்த உரிமைகளைப் பற்றிப் பேச வேண்டுவன பல. அவை தனி உரைக்குரியன. இங்கு வேண்டுவது ஒன்றே. தவிர்க்கவே இயலாதது என்று அறுபது ஆண்டு சொல்லப்பட்ட காத்திருப்பு, ஒரு முறை மாற்றத்தால் பெரும்பகுதி தவிர்க்கப்பட்டது. அவ்வாறாயின், அத்தனை ஆண்டுகள் சாலையோரம் கழிந்த இரவுகளுக்கு யார் விடை சொல்வது? வெள்ளையர் ஆட்சியில் உப்புவரிக்காகப் பஞ்சாபு முதல் ஒடிசா வரை நெடுவேலி ஒன்று வளர்த்து, ஏறத்தாழ 12,000 பேரைக் காவல் வைத்து, கடப்போரை எல்லாம் ஆய்ந்தனர். அதுவும் இன்றியமையாதது என்றே சொல்லப்பட்டது. 1879இல் அது கைவிடப்பட்டது. அதனால் ஆட்சி கவிழ்ந்துவிடவில்லை.

வரிச்சாவடி நீங்கியபின்னும் ஊர்தி, குடி, காடு, கால்நடை ஆகியவற்றிற்கான ஆய்வுகள் தொடர்கின்றன. நோயாய்வும் அவற்றோடு வந்தது. 2018இல் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா நோய் பரவியபோது தமிழக நலத்துறையினர் எல்லையில் நின்றனர், அது கடமை. 2020இல் மகுடைத் தொற்று வந்தபோதோ எல்லைகளே அடைக்கப்பட்டன. கருநாடகம் காசர்கோட்டு எல்லைச் சாலைகளை மண்கொட்டி மூடியது. மங்களூர் மருத்துவமனைகளையே நம்பியிருந்த நோயாளிகள் திருப்பி விடப்பட்டனர்; உயிர் துறந்தோரும் உண்டு. அத்தடைகளை நடுவணரசு நீக்குவிக்க வேண்டும் என்று கேரள உயர் முறைமன்றம் அவ்வாண்டு ஏப்பிரலில் பணித்தது.

அடுத்த மாதமே வாளையாற்றில் நடந்ததென்ன? தமிழகத்திலிருந்து தம் ஊர் திரும்பிய மலையாள மக்கள் பலர், கேரள அரசின் இசைவுச் சீட்டு இல்லாமையால் தம் மாநில வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். குழந்தைகளோடும் முதியோரோடும் அவர்கள் சாலையில் கிடந்தனர். மே 10, ஞாயிற்றுக்கிழமையிலும் அவ்வுயர் முறைமன்றம் கூடி, அங்கே சிக்கியிருந்தோர்க்கு வழிவிடுமாறு சொல்ல வேண்டியதாயிற்று. 2021 ஆகசுட்டு 5 முதல் தமிழக அரசு, கேரளத்திலிருந்து வருவோர் நோயின்மைச் சான்றோ இருமுறை ஊசியிட்ட சான்றோ காட்டவேண்டும் என்றது. அன்று வாளையாற்றின் கிழக்குக் கரையில் வரிசை நீண்டது. ஆக, அடைக்கும் கை ஒருநாள் மேற்கே இருக்கும்; ஒருநாள் கிழக்கே இருக்கும். அல்லற்படுவோன் என்றும் இடையில் நிற்கும் வழிச்செல்வோனே.

நோயைத் தடுக்கத்தான் வேண்டும், அதற்கு மாறுகருத்தில்லை. ஆனால் நாட்டின் எப்பகுதிக்கும் தடையின்றிச் செல்லும் உரிமையை இந்திய அரசியற் சட்டத்தின் 19ஆம் பிரிவும், வணிகம் தடையின்றி நடக்கும் உரிமையை 301ஆம் பிரிவும் தருகின்றன. பொதுநலத்திற்காக முறையான வரம்பு இடலாம். வரம்பு என்பது வேறு. வதை என்பது வேறு. 1985இல் பிரான்சு, செருமனி, பெல்சியம், நெதர்லாந்து, இலக்சம்பர்க்கு ஆகிய ஐந்து தனிநாடுகள் தமக்கிடையே எல்லையாய்வை நீக்க ஒப்பமிட்டு, பத்தாண்டில் நிறைவேற்றின. இருமுறை பெரும்போரில் மோதிய நாடுகளும் அவற்றுள் உண்டு. ஓராற்று நீரைப் பங்கிட்டுக் குடிக்கும் இரு மாநிலத்தார்க்கு அவ்வளவு நம்பிக்கையும் இயலாததோ?

எனவே, இரு அரசுகளிடமும் ஓங்கிக் கேட்க வேண்டுவன இவை:

ஒன்று: ஆய்வு விதிகளும் வேண்டப்படும் சான்றுகளும் சாவடிக்கு முன்னரே தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக எழுதி வைக்கப்படல் வேண்டும். தமிழ், கன்னடச் சிறுபான்மையர் தத்தம் மொழியில் அரசுக்கு எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடந்தருகின்றது. எழுத்தில் உள்ளது சாளரத்திலும் இருக்கட்டும்.

இரண்டு: திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொருவர்க்கும் காரணம் எழுத்தில் தரப்படல் வேண்டும். எழுதிக் கையொப்பமிட வேண்டுமெனில், பொய்க் காரணம் பாதியிலேயே மாய்ந்துவிடும்.

மூன்று: நோயாளியும், கருவுற்ற பெண்ணும், அழுகும் சரக்கும் வரிசையில் நிற்றல் கூடாது.

நான்கு: பெண்ணைப் பெண்ணே ஆய்தல் வேண்டும். இது சலுகையன்று, நாட்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பழையதிலும் புதியதிலும் உள்ள நெறி.

ஐந்து: நிழலும் நீரும் கழிப்பிடமும் இல்லாத இடத்தில் ஒருவனையும் நிறுத்தி வைத்தல் கூடாது.

இவற்றைக் கேரளத்திடம் மட்டும் கேட்பது தமிழர்க்கு அழகன்று. தமிழகச் சாவடியில் மலையாளி ஒருவனை, வடநாட்டுக் கூலியாள் ஒருவனை இழிவாகப் பேசும் காவலனைக் கண்டால், அதனையும் தட்டிக் கேட்பவனே முறை கேட்கும் தகுதி உடையவன். தனக்கொரு முறை, பிறர்க்கொரு முறை என்பது தமிழ் நெறியன்று.

ஓட்டுநர்களும் பயணிகளும் செய்ய வேண்டுவதும் உண்டு. சான்றுகளைச் செப்பமாக வைத்துக்கொள்க. பங்கீட்டரிசி கடத்துவோர்க்கு வண்டியில் இடந்தராதீர். ஒருவன் கடத்தினால் நூறு பேர் மூட்டை அவிழ்கின்றது. கையூட்டுக் கொடுத்து வரிசையைத் தாண்டாதீர். தாண்டியவன் விலைகொடுத்து வாங்கியது பின்னால் நிற்பவனின் நேரத்தை. கேட்கும் அலுவலரின் பெயரையும் பதவியையும் பணிவோடு கேளுங்கள். பணிவு வேறு, குனிவு வேறு என்பதை அறிந்து நில்லுங்கள்.

கொங்குநாட்டு வழியோரங்களில் இன்றும் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. முகமறியா ஒருவன் தலைச்சுமையை இறக்கி வைக்க, முகமறியா ஒருவன் நட்டு வைத்த கல் அது. அவனிடம் யார் நீ, எந்நாட்டான், என்ன மொழியான் என்று அக்கல் கேட்டதில்லை. வாளையாற்றுச் சாவடி கேட்கட்டும். கேட்பது அதன் கடமை. ஆனால் கேட்டபின் சுமையை ஏற்றாது, இறக்கி அனுப்பட்டும். அன்றுதான் சாவடி என்னும் பெயர் அதற்குப் பொருந்தும்.