தோட்ட மருத்துவரின் கையெழுத்து

(பள்ளிவாசலில் தோட்ட மருத்துவப் பணியாளர்களிடையே ஆற்றிய உரை)



1940 ஆம் ஆண்டில் முதிரப்புழை ஆற்றுநீரைக் கொண்டு மின்னாற்றல் உண்டாக்கி, கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் என்னும் பெருமையைப் பெற்ற ஊர் பள்ளிவாசல். இதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்து வந்தோரில் பெரும்பாலோர் தமிழர். அவர்தம் நலத்தைப் பேணும் மருத்துவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதே இன்று நாம் ஆராயவேண்டிய வினா.

1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கும் குடும்பத்தினருக்கும் மருத்துவ வசதி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட உரிமையாளரிடம் ஒப்படைத்தது. நோயுற்றவர் உதவித்தொகை பெறுவதற்கு மருத்துவரின் சான்று தேவை என்றும் விதித்தது. இவ்விரு விதிகளையும் சேர்த்து நோக்கினால் ஒரு சிக்கல் புலப்படும். சான்றின்படி பணம் கொடுக்கவேண்டியது நிர்வாகம். சான்றளிக்கும் மருத்துவருக்கு ஊதியம் தருவதும் அதே நிர்வாகம். கொழுந்து மிகுந்து ஆள் குறைந்த நாளில், முதுகுவலியோடு வரும் பெண்ணுக்கு மூன்று நாள் ஓய்வு எழுதுவது எளிதன்று. மறுபுறம், நோயில்லாமலே சான்று கேட்போரும் உண்டு. இரு தரப்புக்கும் மருத்துவரின் விடை ஒன்றாகவே இருத்தல் வேண்டும்: உடல்நிலை எதுவோ அதுவே சான்று.

2002 ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள், உண்மைக்கு மாறான சான்றில் கையெழுத்திடுவதைக் குற்றமாகக் கொள்கின்றன. சான்றுகளுக்குத் தனிப் பதிவேடு வைக்கவும் கட்டளையிடுகின்றன. இப்பதிவேட்டை வீண் சுமையாகக் கருதலாகாது. நெருக்கடி வரும்போது மருத்துவருக்கு அதுவே கவசம்.

பொருளாதார நோக்கிலும் இது சரியே. மூன்று நாள் உதவித்தொகையை மிச்சப்படுத்தி, முற்றிய நோயால் முப்பது நாள் உழைப்பை இழப்பது சிக்கனம் ஆகாது.

மருத்துவர் தனித்து இயங்குபவரும் அல்லர். 1946 இல் போர் குழுவின் அறிக்கை, சமூகத்தோடு இணைந்து பணியாற்றும் மருத்துவரை வேண்டியது. லயத்தில் எவர் வீட்டில் இருமல் நீடிக்கிறது, எக்குழந்தை மெலிகிறது என்பதைச் செவிலியரும் குழந்தைக் காப்பகப் பணியாளரும் முதலில் அறிவர். மருந்துச் சீட்டில் பிழை கண்ட மருந்தாளுநர் அதைச் சொல்ல அஞ்சினால், தீங்கு நோயாளிக்கே. சொன்னவருக்கு நன்றி கூறும் மருத்துவரிடம்தான் உண்மை வந்து சேரும்.

ஆயினும் தனிமனிதரின் நேர்மையை மட்டும் நம்பியிருத்தல் போதாது. தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் உரிமையாளரும் தொழிலாளரும் சந்தா செலுத்துகின்றனர். உதவித்தொகையை ஈட்டுறுதிக் கழகம் வழங்குகிறது. விரும்பும் தோட்ட உரிமையாளர் அதில் சேர்வதற்கு 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இடமளித்துள்ளது. அவ்வாறு சேராத தோட்டங்களில், சான்று பற்றிய ஐயத்தை மேலாளர் தீர்க்கக்கூடாது. வேறொரு மருத்துவரே தீர்க்கவேண்டும். மருத்துவரின் பதவி உயர்வுக்கும் அவர் எழுதிய ஓய்வு நாள்களின் எண்ணிக்கைக்கும் தொடர்பு இருத்தலாகாது.

இவ்விரண்டையும் நிர்வாகங்கள் எழுத்து வடிவில் ஏற்குமாயின், மருத்துவரின் கையெழுத்தைத் தொழிலாளியும் நம்புவார், நிர்வாகமும் நம்பும். அந்த நம்பிக்கையை நிலைநாட்ட அனைவரும் முன்வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.