வளர்க்கும் பிள்ளைக்குப் பத்திரமும் வேண்டும்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் எமது நலன்புரிக் குழு நிகழ்த்திய உரை)



பிள்ளையில்லாத அக்காவுக்குத் தங்கச்சி தன் பிள்ளையைக் கொடுப்பதும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைப் பக்கத்துக் காம்பராவில் எடுத்து வளர்ப்பதும் நம்ம லயங்களில் நடக்கிற காரியம். நல்ல மனசுதான். ஆனால், "நாங்கதானே சோறு போட்டு வளர்க்கிறோம், எதுக்குக் கோட்டுக்குப் போகணும்?" என்று பலர் கேட்கிறார்கள். அதற்கே இன்று பதில் சொல்கிறோம்.

தத்தெடுப்பதைச் சட்டத்தில் மகவேற்பு என்பார்கள். இதற்கு 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றம் கட்டளை கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு முறைப்படி பிறந்த பிள்ளையாகவே கணிக்கப்படும். பெற்றவர்களின் உரிமையும் பொறுப்பும் வளர்ப்பவர்கள் கைக்கு வந்துவிடும். பதிவாளர் நாயகத்தின் மகவேற்புப் பதிவேட்டிலும் பதிந்து, அத்தாட்சிப் பத்திரம் எடுக்கலாம்.

கட்டளை இல்லாவிட்டால் என்ன ஆகும்? பத்து வருசம் வளர்த்த பிறகு பெற்ற தகப்பன் வந்து "என் பிள்ளையைக் கொடு" என்றால், உங்கள் கையில் காட்ட ஒரு கடதாசியும் இருக்காது. வளர்த்தவர் மரண சாசனம் எழுதாமல் இறந்துவிட்டால், பிள்ளை வாரிசு இல்லை என்று சொந்தக்காரர் தள்ளிவிடலாம். சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளர் பெயர் கொடுக்காவிட்டால் அந்தக் காசும் சட்டப்படியான வாரிசுகளுக்கே போகும்.

இன்னொன்று. சிலர் பிறந்த பிள்ளையைத் தாங்களே பெற்றதாகப் பொய்யாகப் பதிகிறார்கள். இது குற்றம். 1980களில் பொய்ப் பத்திரத்தோடு நம் நாட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகள் பலர், இன்று வளர்ந்து வந்து பெற்ற தாயைத் தேடுகிறார்கள். பத்திரத்தில் உள்ள பெயரே பொய் என்றால் எங்கே போய்த் தேடுவது? பிள்ளைக்குக் காசு வாங்குவதையும் கொடுப்பதையும் சட்டம் அனுமதிப்பதில்லை.

முறை இதுதான். மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும். பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். நெருங்கிய உறவுக்குச் சில விலக்குகள் உண்டு. பெற்றவர்களின் சம்மதம் வேண்டும். அவர்களைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் நீதிமன்றம் அதைப் பார்த்துக்கொள்ளும். 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையென்றால் அதன் சம்மதமும் கேட்கப்படும். நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். பயப்படாதீர்கள், காம்பராவின் அகலத்தையல்ல, பிள்ளையின் நலனைத்தான் பார்ப்பார்கள்.

பெற்ற தாய்மாருக்கும் ஒரு சொல். வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது பிள்ளையை அம்மாயியிடம் விட்டுப் போவது மகவேற்பு ஆகாது. உங்கள் உரிமை போகாது. ஆனால் மகவேற்புக்குச் சம்மதமென்று கையெழுத்து வைத்தால் அது வேறு. வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகே கையெழுத்து வையுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1929க்குப் பேசுங்கள்.

பாசத்தோடு வளர்க்கிறீர்கள், அந்தப் பாசத்துக்கு ஒரு பத்திரத்தையும் எடுத்து வையுங்கள். நீங்கள் இல்லாத காலத்திலும் பிள்ளைக்காக அது பேசும்.