தகுதி யார் வீட்டுச் சொத்து?

(நாமக்கல்லில் நடந்த ஒரு கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



விஞ்ஞானத்திற்கு ஜாதி உண்டா என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி கேட்டுக் கொள்ளப்பட்டிருக்கிறேன். விஞ்ஞானத்திற்கு ஜாதி கிடையாது. அக்கிரகாரத்துக் காய்ச்சலும் சேரிக் காய்ச்சலும் ஒரே மருந்துக்குத்தான் இறங்கும். ஆனால், விஞ்ஞானம் கற்பிக்கும் கட்டடத்திற்கு வாசல் உண்டு. வாசலில் காவல்காரன் உண்டு. காவல்காரனுக்கு ஜாதி உண்டு. அதைப் பற்றித்தான் இன்றையப் பேச்சு.

மேகநாத சாஹா என்பவர் டாக்காவுக்கு அருகில் ஒரு கிராமத்துச் சிறு கடைக்காரரின் மகன். கல்கத்தாவில் படிக்கும்போது மேல்ஜாதி மாணவர்கள் அவரோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். அவர்தான் 1920-ல், நட்சத்திரத்தின் ஒளியைக் கொண்டே அதன் உஷ்ணத்தை அறியும் வழியை உலகத்துக்குக் காட்டியவர். நட்சத்திரத்தை அளந்தவருக்குப் பூமியில் ஒரு பந்தியில் இடமில்லை!

1933-ல் கமலா என்னும் பெண், பம்பாய் சர்வகலாசாலையில் முதலாவதாகத் தேறி, பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் இடம் கேட்டார். நோபல் பரிசு பெற்ற சர். சி. வி. ராமன், பெண் என்பதற்காகவே மறுத்தார். அந்த அம்மையார் விடாப்பிடியாக நின்று, ஒரு வருஷம் பார்ப்போம் என்ற நிபந்தனையின் மேல் உள்ளே போனார். 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் பெற்றார். இப்படிப் போராடத் தெம்பில்லாமல் வாசலோடு திரும்பியவர்கள் எத்தனை பேர்? அவர்களைக் கணக்கெழுதினவர் யார்?

நம் சென்னை மாகாணத்தில் அந்தக் கணக்கை எழுதினதுதான் வகுப்புவாரி உத்தரவு. வைத்தியக் கல்லூரியிலும் இஞ்சினீயரிங் கல்லூரியிலும் 14 இடம் இருந்தால், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, பார்ப்பனருக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. யாரையும் வெளியே தள்ளவில்லை. அப்படியும், “தகுதி போயிற்று, திறமை போயிற்று” என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 1950-ல் ஐகோர்ட்டும், 1951-ல் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவு செல்லாதென்றன. நாடு கொதித்தெழுந்த பிறகு, அதே 1951-ல் அரசியல் சட்டத்தையே முதன்முறையாகத் திருத்த வேண்டி வந்தது.

அது பழங்கதை என்பீர்களானால், இந்த நாமக்கல்லைப் பாருங்கள். கோழிக்கும் லாரிக்கும் பேர் போன ஊர், விடுதிப் பள்ளிக்கூடங்களுக்கும் பேர் போனது. பணமுள்ளவர்கள் வெளி ஜில்லாக்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டு வந்து பரீட்சைக்குத் தயார் செய்கிறார்கள். அது தவறென்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கின மார்க்குக்குப் பிறவித் தகுதி என்று பெயர் வைக்காதீர்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

நீட் பரீட்சை வந்த பிறகு, நம் சர்க்கார் பள்ளியிலிருந்து டாக்டர் படிப்புக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். 2020-ல் அவர்களுக்கென்று 7.5 சதவிகித இடம் சட்டமாயிற்று. அந்த ஆண்டே முந்நூறு பேருக்கு மேல் உள்ளே போனார்கள். ஒரே வருஷத்தில் ஏழைப் பிள்ளைகளின் மூளை மாறிவிட்டதா? மூளை மாறவில்லை, தோழர்களே, கதவு திறந்தது!

“இவர்கள் வைத்தியம் பார்த்தால் நோயாளி பிழைப்பானா?” என்று கேட்பார்கள். எந்த வாசலால் நுழைந்தாலும், வெளியே வர எல்லோருக்கும் கடைசிப் பரீட்சை ஒன்றேதான் என்று பதில் சொல்லுங்கள்.

இனி நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்ப்பானைக் குறை கூறிக் கைதட்டிவிட்டுப் போவது சுலபம். 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவிகிதம் உள் ஒதுக்கீடு செய்தபோது, “எங்கள் பங்கு குறையுமே” என்று முணுமுணுத்தவர்கள் அக்கிரகாரத்தில் மாத்திரமா இருந்தார்கள்? உங்கள் ஊர் அருந்ததியர் தெருப் பெண் ஒருத்தி நாளை டாக்டராக வந்தால், உங்கள் திண்ணையில் அவளுக்கு நாற்காலி போடுவீர்களா? சாஹாவுக்குத் தனிப்பந்தி போட்டவர்களும் படித்தவர்கள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே தோழர்களே! விஞ்ஞானம் எல்லோருக்கும் பொது என்று மேடையில் சொன்னால் போதாது. உங்கள் ஊர்ப் பள்ளியில் விஞ்ஞான வாத்தியார் இருக்கிறாரா, சோதனைச் சாலை பூட்டிக் கிடக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். பெண்ணைப் பத்தாவதோடு நிறுத்தாதீர்கள். தகுதி என்பது எந்த வீட்டுச் சொத்துமல்ல. வாய்ப்புக் கொடுத்த இடத்தில் அது முளைக்கும்.