செட்டிநாட்டுச் சாலைகளில் வாடகைக் கார்ப் பயணம்

சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடியை நடுவாகக் கொண்டு, புதுக்கோட்டை மாவட்டத்திற்குள்ளும் பரவிக் கிடக்கும் செட்டிநாடு, முற்காலத்தில் 96 ஊர்களாக இருந்து, இன்று எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களாக எஞ்சியிருக்கும் நிலப்பகுதியாகும். காண வேண்டியவை ஓரிடத்தில் குவிந்திராமல் ஊருக்கு ஊர் சிதறிக் கிடப்பதால், வெளிநாட்டிலிருந்து வருவோர் பலர் திருச்சியிலோ மதுரையிலோ விமானத்தை விட்டிறங்கி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காரைக்குடிக்கு வாடகைக் காரில் புறப்படுகின்றனர்.

முன்பின் அறியாத நாட்டில் காரை எடுக்குமுன் தெளிவுபெற வேண்டியவை சில உள்ளன. ஓட்டுநருடன் வரும் வாடகைக் காரின் எண்பலகை மஞ்சள் நிறத்திலும் எழுத்து கறுப்பிலும் இருக்கும். வாடகைக்கு எடுப்பவரே ஓட்டிச்செல்ல உரிமம் பெற்ற காரில், கறுப்புப் பலகையின்மேல் மஞ்சள் எழுத்து இருக்கும். தாமே ஓட்ட விரும்பும் வெளிநாட்டார், தம் நாட்டு உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் கையில் வைத்திருத்தல் வேண்டும். இந்தியாவில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்வதால், வலப்புறம் ஓட்டிப் பழகியவருக்குத் திருப்பங்களில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. சுங்கச்சாவடிக் கட்டணத்தைக் கண்ணாடியில் ஒட்டிய பட்டையின் வழியே தானாகக் கழித்துக்கொள்ளும் ஃபாஸ்டேக் முறை 2021 பிப்ரவரியில் கட்டாயமாக்கப்பட்டதால், அதில் போதிய தொகை இருக்கிறதா என்பதைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்வது நல்லது.

திருச்சியிலிருந்து வரும் சாலை புதுக்கோட்டையைக் கடந்து திருமயத்தை அடைகிறது. அங்கே சேதுபதி மன்னர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டை பாறைக் குன்றின்மேல் நிற்க, அக்குன்றின் சரிவிலேயே சிவனுக்கும் திருமாலுக்கும் குடைவரைக் கோயில்கள், அதாவது பாறையைக் குடைந்து அமைத்த கோயில்கள், அருகருகே உள்ளன. அடுத்து வரும் கானாடுகாத்தானில், காரை ஊருணிக்கரையில், அதாவது மழைநீரைத் தேக்கும் ஊர்ப் பொதுக்குளத்தின் கரையில், நிறுத்திவிட்டு நடப்பதே முறை. ஒரு தெருவில் முகப்பு தொடங்கி அடுத்த தெருவில் பின்வாசல் முடியும் வீடுகளின் நீளத்தை நடந்தே உணர முடியும். முகப்பைத் தாண்டினால் வளவு எனப்படும் திறந்த முற்றமும், அதற்கப்பால் இரண்டாங்கட்டும் அடுப்படியும் வரிசையாக அமைந்திருக்க, பர்மாத் தேக்குத் தூண்களும், சுண்ணாம்போடு முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த பளபளப்பான சுவர்களும் அவ்வீடுகளுக்கு உரிய அடையாளங்களாகின்றன. அண்மையிலுள்ள ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்துத் தரைக்கற்கள் செய்யப்படுவதை இன்றும் காணலாம். மதுரையிலிருந்து வருவோர்க்கோ மேலூர், திருப்பத்தூர் வழியே பிள்ளையார்பட்டிக் குடைவரையும் குன்றக்குடி முருகன் கோயிலும் முதலில் எதிர்ப்படும்.

இவ்வீடுகளைக் கட்டிய, நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகரும் முன்பின் அறியாத நாடுகளுக்குச் சென்றவர்களே. பர்மா, மலேயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் அவர்கள் நிறுவிய கிட்டங்கி என்பது, பலர் ஒரே கூடத்தில் தத்தம் பெட்டியுடன் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்தி, அங்கேயே உண்டு உறங்கிய கட்டடமாகும். ஊரிலிருந்து புதிதாக வந்த இளைஞர், முன்னரே வந்தவர்களோடு இருந்து அந்நாட்டின் நடைமுறையை அங்கே கற்றுக்கொண்டனர். அறிந்தவர் துணையோடு தொடங்குவது என்னும் அந்த நெறி, இன்று செட்டிநாட்டுக்கு வரும் பயணிக்கும் பொருந்தும். அறுவடைக் காலத்தில் சாலையில் உலரும் நெல்லையும், குறுக்கே வரும் ஆட்டு மந்தையையும், இரவில் கண்ணுக்குப் புலப்படாத வேகத்தடையையும், எந்த வீட்டைப் பார்வையாளருக்குத் திறப்பர் என்பதையும் உள்ளூர் ஓட்டுநர் அறிவார். ஆகவே முதல் நாளில் காரைக்குடி ஓட்டுநர் ஒருவரை அமர்த்தி, அவருக்குரிய படியையும் உணவையும் முன்கூட்டியே பேசி முடித்து, பகல் வெளிச்சத்தில் பயணத்தைத் தொடங்குவதும், வழியும் வழக்கமும் பிடிபட்ட பின்னரே தாமே ஓட்டத் துணிவதும் சாலச் சிறந்தது.