குமுக்கன் ஆற்றங்கரையில் ஒரு கேத்தல்

நேயர்களே, கதிர்காமப் பாதயாத்திரை பற்றிக் கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கோயிலைப் பற்றி இன்றைக்கு நான் வாயே திறக்கப் போவதில்லை. அந்தத் திரைச்சீலை, கப்புறாளை, மாணிக்க கங்கை, தீர்த்தம் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பஸ்ஸில் போய் இறங்கி, முழுகிக் கும்பிட்டு, திரும்பி வரும்போது ஒரு பார்சல் தொதலும் வாங்கிக்கொண்டு வந்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய காட்டைப் பற்றி. உகந்தையில் இருந்து கதிர்காமம் வரைக்கும் கிடக்கிற காடு. அம்மம்மாவின் கணக்கில் அது ஐந்து நாள் நடை.

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேலெடுத்துப் புறப்படுகிறவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோரமாகவே இறங்கி, ஒன்றரை மாதத்துக்கும் மேலே நடந்து வருகிறார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் நாங்கள் சோம்பேறிகள். திருக்கோவில் எங்கள் ஊர். கோமாரி, பொத்துவில், பாணமை, பிறகு உகந்தை. அதற்கு அப்பால் வீடு கிடையாது.

உகந்தை மலையில் முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கினார் என்பார்கள், மேலே வள்ளியம்மன் இருக்கிறாள், பாறைக்குள்ளே சுனைகள் இருக்கின்றன. அதையும் விட்டுவிடுவோம். எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம், எனக்குப் பதினொரு வயது, அந்த மலையடியில் அம்மம்மா எனக்கு மூன்று சட்டம் சொன்னா. ஒன்று, யானை என்று வாயால் சொல்லக்கூடாது, பிள்ளையார் என்றுதான் சொல்லவேண்டும். இரண்டு, ஆரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. மூன்று, வழியில் ஆர் எதைத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

முதலாவது சுலபம். பிள்ளையார் வராதவரைக்கும் பிள்ளையார் என்று சொல்வதில் என்ன கஷ்டம்?

இரண்டாவதும் பழகிவிட்டது. நடக்கத் தொடங்கினால் ஆம்பிளை எல்லாம் சாமி, பெண்கள் எல்லாம் அம்மா. பள்ளிக்கூடத்து வாத்தியாரும் சாமி, எங்கள் வயலில் வெட்டுக்கு வருகிறவரும் சாமி, பதினொரு வயது நானும் சாமி. "சாமி, ஒண்டுக்குப் போகவேணுமெண்டால் அங்காலை போங்கோ" என்று ஒரு கிழவர் எனக்கு மரியாதையாகச் சொன்னபோது நான் கொஞ்சம் வளர்ந்தேன். எனக்குச் சிவப்புச் சிரட்டைமணி மாலை ஒன்று கட்டித் தந்தவர் ஆர் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சாமி தந்தார், அவ்வளவுதான்.

மூன்றாவது சட்டத்தில்தான் நான் விழுந்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆனால் அதற்கு முன்னால் பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காட்டுக்குள் இறங்குகிறபோது எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போகிற அளவு சாமான் கட்டுவார்கள். அரிசி, பருப்பு, பயறு, பொரிமா, தேங்காய், சீனி, லாம்பு, மண்ணெண்ணெய், சட்டி, படுக்கப் பாய். முதல் நாள் மத்தியானம் வெயில் ஏறும்போது பாருங்கள், எல்லாருக்கும் தருமசிந்தை வந்துவிடும். "சாமி, இந்தாங்கோ தேங்காய்." "அம்மா, எங்களிட்டைப் பருப்புக் கூடிப்போச்சு." காட்டில் மனிசர் இவ்வளவு தாராளமாகக் கொடுப்பதற்கு முருகன் பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி தோள்மூட்டு என்பது என் அபிப்பிராயம். குறை நினைக்காதீர்கள். நானும் கொடுத்திருக்கிறேன், எதற்காகக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியும்.

சரி, ஆற்றுக்கு வருவோம். குமண தாண்டினால் குமுக்கன் ஆறு. சிங்களத்தில் கும்புக் என்றால் நம்முடைய மருதமரம். இரண்டு கரையிலும் மருது, கிழட்டு மருது, வேர் எல்லாம் வெளியே வந்து திண்ணை போலக் கிடக்கும். ஆடியில் தண்ணீர் மெலிந்து மணலுக்கு நடுவே ஓடும். வெயிலில் நடந்து வந்தவனுக்கு அந்த நிழல் எப்படி இருக்கும் என்று வானொலியில் சொல்ல முடியாது. எல்லாக் கூட்டமும் அங்கே பாரத்தை இறக்கும். மட்டக்களப்பார் ஒரு மரத்தடி, யாழ்ப்பாணத்தார் ஒரு மரத்தடி, மொனறாகலைப் பக்கத்துச் சிங்களவர் ஒரு மரத்தடி.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுதுபட்டுவிட்டது. என் குதிக்காலில் கொப்புளம் உடைந்து, அதற்குள் மணல் போய், கடைசி இரண்டு மைல் நான் அழுதுகொண்டுதான் நடந்தேன். நான் பின்தங்கியதால் அம்மம்மாவும் பின்தங்கினா. எங்கள் ஊர்க் கூட்டம் அதற்கு முதலே வந்து சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டது. அடுப்பும் நூர்ந்துவிட்டது.

ஆற்றுக்கு இறங்குகிற இடத்தில் ஒரேயொரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்று கல், அதன்மேல் கரிபிடித்த ஒரு கேத்தல். மூடி இல்லை, மூடிக்குப் பதிலாக ஒரு சிரட்டை கவிழ்த்திருந்தது. பக்கத்தில் வெள்ளைச் சாரம் கட்டிய ஒரு சிங்களக் கிழவர். அவரை எல்லாரும் கேத்தல் சாமி என்றார்கள். பிறகு கேள்விப்பட்டேன், அவர் அரிசி பருப்பு ஒன்றும் கொண்டுவருவதில்லை. தடியில் கேத்தலை மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு வருவார். தேயிலையும் சீனியும் வழியில் ஆரும் கொடுப்பார்கள். சாப்பாடு எந்த மரத்தடியிலும் கிடைக்கும். அவருடைய வேலை, பிந்தி வருகிறவர்களுக்குப் பிளேன்ரீ ஊற்றுவது.

அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் பாருங்கள் நேயர்களே, கேத்தல் அங்கேயும் கிட்டத்தட்டக் கேத்தல்தான், கேத்தலைய என்பார்கள். நாங்கள் தேத்தண்ணி என்கிறோம், அவர்கள் தே என்கிறார்கள். சீனி இரண்டு பாஷையிலும் சீனி. இந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு அந்த இரண்டு கிழடுகளும் அரைமணி நேரம் கதைத்தார்கள்.

கிழவர் முதலில் எனக்குத்தான் நீட்டினார். ஒரு தகரப் பேணியில் கறுப்பாகத் தேத்தண்ணி, மற்றக் கையில் ஒரு சிட்டிகை சீனி, உள்ளங்கையில் வாங்கி நக்கிக்கொண்டு குடிக்க. எனக்குத் தொண்டை காய்ந்து கிடந்தது. ஆனாலும் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்றேன். அந்நிய மனிசரிடம் வாங்கிக் குடிக்காதே என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தா. அதோடு பேணி எத்தனை வாய் பட்ட பேணியோ.

அம்மம்மா என்னை அடித்ததில்லை. அன்றைக்குத் தலையில் ஒரு குட்டு விழுந்தது. "வாங்கிக் குடி மனே. தாற மனிசன் கையை நீட்டிக்கொண்டு நிக்குது."

நான் வாங்கிக் குடித்தேன். அம்மம்மாவும் அதே பேணியில் குடித்தா. காசு கொடுக்க மடியை அவிழ்த்தபோது கிழவர் கையை விசுக்கிக் காட்டின் பக்கம் காட்டினார். விறகு. அதுதான் விலை. அம்மம்மா இருட்டில் குனிந்து குனிந்து சுள்ளி பொறுக்கினா. பிறகு அவர் கொதிதண்ணீரில் ஒரு துணியை நனைத்து என் குதிக்காலைத் துடைத்து மணலை எடுத்தார். நான் கத்திய கத்தில் மட்டக்களப்பார் மரத்தடியில் ஆரோ "பிள்ளையாரோ?" என்று எழும்பிவிட்டார்களாம்.

கொதிதண்ணீர் என்றவுடன் ஒன்று ஞாபகம் வருகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் இந்த யாத்திரையைக் கண்டு அரசாங்கம் நடுங்கியது, சாமியைக் கண்டல்ல, கொலராவைக் கண்டு. ஆற்றுத் தண்ணீரை ஆயிரம் பேர் அள்ளிக் குடித்தால் வேறென்ன நடக்கும்? யாத்திரிகரைக் கண்காணிக்க அதிகாரிகளை அனுப்பினார்கள். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப் அப்படிக் கதிர்காமத்தில் போய் நின்றவர்களில் ஒருவர். ஊருக்குத் திரும்பிப் போய் 1913இல் அந்தப் பக்கத்துக் காட்டுக் கிராமத்தை வைத்து ஒரு நாவலும் வெளியிட்டார். கேத்தல் சாமி வூல்ஃபைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் ஆற்றில் நேரே வாய் வைக்கப் போன எவரையும் அவர் விடவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொதித்த தண்ணீரைத்தான் கொடுத்தார்.

இப்போது நான் ஒரு சங்கடமான விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் அம்மம்மா ஊரில் எல்லார் வீட்டிலும் தண்ணீர் குடிக்கிற மனுஷி அல்ல. எந்த வீட்டில் செம்பு வாங்கலாம், எந்த வீட்டில் வாசலோடு நின்று கதைத்துவிட்டு வரவேண்டும் என்று அவவிடம் ஒரு பட்டியல் இருந்தது. அதை எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒரு வீடும் பிழைக்காது. அந்த மனுஷி ஆர் எவர் என்று ஒரு கேள்வி கேட்காமல் அந்தத் தகரப் பேணியில் குடித்ததை நான் பார்த்தேன். நடந்த ஐந்து நாளும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்து இரண்டாம் நாளே பட்டியலும் திரும்பி வந்துவிட்டது. வயலில் வெட்டுக்கு வருகிறவர், காட்டில் எங்களோடு நடந்த அதே சாமி, முற்றத்தில் நின்று தண்ணீர் கேட்டார். அம்மம்மா சிரட்டையில் வார்த்தா. நான் கேட்டேன், "அம்மம்மா, கேத்தல் சாமி இஞ்ச வந்தால் பேணியில குடுப்பியளா, சிரட்டையில குடுப்பியளா?"

அவ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா. "குதிக்கால் ஆறிட்டுதா எண்டு காட்டு" என்றா.

அந்தக் காட்டுக்குள் திரும்ப நான் போக முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1985இல் அந்த வழியில் உள்ள யால கிழக்குப் பூங்காவைச் சண்டை காரணமாக மூடினார்கள், 2003இல்தான் திறந்தார்கள். 2006இல் குமண தேசிய பூங்கா என்று பெயரையும் மாற்றினார்கள். நான் போனது அதற்கும் பிறகு. இப்போது உகந்தையில் பெயர் பதிய வேண்டும், வழியில் பவுசர் தண்ணீர் வைத்திருக்கிறார்கள், பிளாஸ்டிக் போத்தல் போடாதே என்று பலகை இருக்கிறது, அதன் கீழே போத்தலும் இருக்கிறது. பொத்துவிலில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் எங்களைக் கண்டதும் எழும்பி வந்து இளநீர் வெட்டித் தந்து, "எங்களுக்காகவும் கேளுங்க" என்றார். என்ன கேட்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் ஏதோ ஒன்றைக் கேட்டு வைத்தேன்.

குமுக்கன் ஆற்றில் அதே மருதுகள். கேத்தல் சாமி இருக்கமாட்டார் என்று தெரிந்தும் இறங்குகிற இடத்தில் கண் தேடியது. அங்கே நாலு பெடியன்கள் காஸ் அடுப்பு வைத்து நூடில்ஸ் கிண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனதுக்குள் ஒரு முணுமுணுப்பு, இதெல்லாம் யாத்திரையா என்று. அதில் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். "சாமி, காலைத் தூக்கி வையுங்கோ, வீங்கியிருக்கு" என்று தன் பாயை இழுத்துப் போட்டு, ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் நூடில்ஸும் நீட்டினான். நூடில்ஸ் எனக்குப் பிடிக்காது நேயர்களே. தலையில் அந்தப் பழைய குட்டு விழுந்த இடம் தானாகக் குறுகுறுத்தது. வாங்கிச் சாப்பிட்டேன். உப்புக் கூட.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து தம்பி கையைக் காட்டுகிறார், நேரம் முடிகிறதாம். நாவலடி இருக்கிறது, வியாழை இருக்கிறது, கட்டகாமம் இருக்கிறது, நான் உங்களைக் கதிர்காமம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றுதான் வந்தேன், ஆற்றங்கரையிலேயே இருத்திவிட்டேன். அடுத்த முறை கூப்பிட்டார்கள் என்றால் மிச்சத்தை நடப்போம். அதுவரைக்கும் அந்த மருதமரத்தடியில் கொஞ்சம் விறகு பொறுக்கி வையுங்கள்.