கணினி ஏடுகளுக்கு ஒரு பொதுமொழி

முல்லைத்தீவிலிருந்து மேற்சிகிச்சைக்கு அனுப்பப்படும் நோயாளர் ஒட்டுசுட்டானைக் கடந்து மாங்குளத்தில் ஏ9 வீதியை அடைகிறார். தெற்கே சென்றால் வவுனியா. வடக்கே கிளிநொச்சி, அதற்கப்பால் யாழ்ப்பாணம். எத்திசையிற் சென்றாலும் நீண்டநாள் நோயாளரின் வரலாறு பெரும்பாலும் அவர் கையிலுள்ள கிளினிக் கொப்பியிலேயே இருக்கிறது. கொப்பி தொலைந்தால் வரலாறும் தொலையும். 2009 ஆம் ஆண்டு முடிவுற்ற போரில், வீட்டோடு ஏடுகளையும் இழந்த வன்னி மக்கள் இதனை நன்கறிவர்.

இக்குறையைக் கணினி தீர்க்கக்கூடும். ஆயினும், கணினியை வைத்துவிட்டதனாலேயே அது தீர்ந்துவிடாது. அனுப்பும் வைத்தியசாலை எழுதியதை ஏற்கும் வைத்தியசாலை அதே பொருளில் வாசித்தல் வேண்டும். அதற்கு மூன்று உடன்பாடுகள் இன்றியமையாதவை.

முதலாவது, ஆள் யார் என்பது. தந்தையின் பெயரை முன்வைத்து எழுதும் நம் வழக்கமும், ஒரே பெயரை ஆங்கிலத்திற் பலவாறு எழுத்துக்கூட்டும் வழக்கமும் ஒருவரை இருவராக்கும். சிலவேளை இருவரை ஒருவராக்கும். ஆதலால், ஒவ்வொருவருக்கும் தனியான சுகாதார இலக்கம் வேண்டும்.

இரண்டாவது, நோயின் பெயர். நீரிழிவு, சலரோகம், சீனி வருத்தம் என்பன ஒன்றே என நாம் அறிவோம், கணினி அறியாது. 1990 இல் உலகச் சுகாதார சபை ஏற்றுக்கொண்ட நோய்ப் பகுப்பின் பத்தாம் திருத்தத்தில், இரண்டாம் வகை நீரிழிவுக்கு ‘ஈ11’ என்பது குறியீடு. எம்மொழியில் எழுதினும் குறியீடு மாறாது.

மூன்றாவது, அளவை. குருதியிலுள்ள குளுக்கோசை ஓர் ஆய்வுகூடம் லீற்றருக்கு 7 மில்லிமோல் என்னும். மற்றொன்று டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் என்னும். இரண்டும் ஒரே அளவே. அலகை விடுத்து எண்ணை மட்டும் அனுப்பினால், 7 என்பது உயிருக்கு ஆபத்தான தாழ்வாகவும் தோன்றும், மருந்தும் பிழைக்கும்.

எல்லாரும் ஒரே மென்பொருளை வாங்குதல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. நெல்லை எந்தச் சாக்கிற் கொண்டுசென்றாலும் கிலோகிராமிலேயே நிறுக்கின்றனர். சாக்கு வேறாகலாம், நிறையளவு ஒன்றாதல் வேண்டும். சுகாதார அமைச்சு 2016 இல் இத்துறைக்கான தேசிய வழிகாட்டல்களையும் தராதரங்களையும் வெளியிட்டது. அவை ஏட்டில் இருந்தாற் போதாது. ஒவ்வொரு கொள்வனவிலும் நிபந்தனையாதல் வேண்டும்.

புதிய கணினிமுறை ஒன்றை நிறுவ முற்படுவோர் அதன் விலையையும் வேகத்தையும் கேட்பதற்கு முன்னர், “இங்கு எழுதுவதை அடுத்த மாவட்டத்து வைத்தியர் பிழையின்றி வாசிப்பாரா?” என்று கேட்பாராக. ‘ஆம்’ என்னும் விடை கிடைத்த பின்னரே பணத்தைச் செலவிடுதல் தகும்.