முட்டை அட்டையில் ஒரு வாய்

மூணு வயசுப் பிள்ளைகிட்ட "பல்லை நல்லாத் தேய்"னு சொன்னா, முன்பல் நாலையும் ஒரு இழுப்பு இழுத்துட்டு, பேஸ்ட்டை முழுங்கிட்டு ஓடிடும். கடைவாய்ப் பல்லு அதோட கண்ணுலயே படாதே, பாவம்!

அதைக் கண்ணுல காட்ட, முட்டை அட்டையைக் கவிழ்த்துப் பாருங்க. வரிசையா மேடு, நடுவுல பள்ளம். பத்து மேடுள்ள துண்டு ரெண்டு வெட்டி, வெள்ளை பெயிண்ட் அடிச்சா, மேலும் கீழுமா 20 பால்பல் தயார். காய்ஞ்சதும் பள்ளத்துல கொஞ்சம் சப்பாத்தி மாவை அப்பி, பழைய பிரஷ் ஒண்ணைப் பிள்ளை கையில கொடுங்க. சும்மா குறுக்கே இழுத்தா மேட்டுல இருக்கிறதுதான் போகும். இடுக்குல இருக்கிற மாவு அசையாது. பிரஷ்ஷைச் சாய்ச்சு, சின்னச் சின்ன வட்டமாச் சுத்தணும். அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், நீங்க வாயைத் திறக்காதீங்க!

அதுக்காகப் பிரஷ்ஷை முழுசா ஒப்படைச்சுடக் கூடாது. ஏழெட்டு வயசு வரைக்கும் பெரியவங்க ஒரு தடவை தேய்ச்சு விடணும். பேஸ்ட், பட்டாணி அளவு போதும்.

ஆறு வயசு வாக்குல, எந்தப் பல்லும் விழாமலே, பின்னாடி புதுசாக் கடைவாய்ப் பல் முளைக்கும். பால்பல்தானேன்னு பலரும் விட்டுடறாங்க. அது நிரந்தரப் பல்லுங்க! அப்போ அட்டையிலயும் ஓரத்துக்கு ஒண்ணா நாலு மேடு ஒட்டிக்குங்க.